உறங்கும் ஜீன்களை உற்று நோக்கியவர்

மக்காச்சோளக் கதிரில் வெளுத்த மணியொன்றின் மேல் ஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் நாம் என்ன நினைப்போம்? பூச்சி அரித்ததென்றோ ஈரம் பட்டதென்றோ சொல்லி ஒதுக்கிவிடுவோம். அந்தப் புள்ளிகளைக் கொண்டே, செல்லுக்குள் ஒரு ஜீன் எப்போது அடங்கிற்று, எப்போது விழித்தது என்று கணித்துச் சொன்ன பெண்மணி பார்பரா மக்ளின்டாக். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தாவும் ஜீன்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் கண்டவற்றுள் ஜீன்கள் அடக்கப்படும் செய்தியே பெரிது என்பது என் எண்ணம்.

1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்டு நகரில் அவர் பிறந்தார். தந்தை ஹோமியோபதி மருத்துவர். வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். கல்லூரிக்குப் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று தாய் அஞ்சித் தடுத்தார். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய தந்தை துணை நின்றதால், 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். (என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் தாயின் அச்சம் எங்கள் வீட்டிற்கும் புதிதன்று.) 1923இல் இளங்கலைப் பட்டமும் 1927இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டியவர் அவரே. 1931இல் ஹேரியட் கிரைட்டன் என்ற மாணவியுடன் சேர்ந்து, ஜீன்கள் கலப்புறும்போது குரோமோசோம்களும் உண்மையாகவே துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று நிறுவினார். இவ்வளவு செய்தவருக்கும் நிலையான பணி எளிதில் வாய்க்கவில்லை. 1936இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். அங்கும் மனம் ஒன்றாமல் 1941இல் வெளியேறி, நியூயார்க் மாநிலத்துக் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிலையத்தை அடைந்தார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியெல்லாம் அங்கேதான். தாமே விதைத்து, கதிர்களுக்குப் பை கட்டி, தம் கையாலேயே மகரந்தம் தூவி, அறுவடையான மணிகளை ஆராய்வார். ஆண்டுக்கு ஒரே விளைச்சல். ஒரு கேள்விக்கு விடை வேண்டுமானால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்!

அங்கேதான் புள்ளிகளின் கதை தொடங்கியது. ஒன்பதாம் குரோமோசோமில் டிஎஸ் என்றோர் உறுப்பு. அது நிறம் தரும் ஜீனுக்குள் புகுந்துகொண்டால் ஜீன் செயலற்றுப்போகிறது, மணி வெளுக்கிறது. ஏசி என்ற இன்னோர் உறுப்பு அருகிலோ தொலைவிலோ இருந்தால், அதன் ஏவலால் டிஎஸ் பெயர்ந்து வெளியேறும். அப்படி வெளியேறிய செல்லும் அதன் வழித்தோன்றல்களும் ஊதா நிறம் பெறும். மணி வளரும்போது முன்கூட்டியே வெளியேறினால் பெரிய புள்ளி. பிந்தி வெளியேறினால் சிறிய புள்ளி. 1950இல் இதை வெளியிட்டார். 1951இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் மாநாட்டில் விரிவாக எடுத்துரைத்தபோது, கேட்டவர்கள் பெரும்பாலும் திகைத்துத்தான் போனார்கள்.

உறுப்புகள் இடம்பெயர்வதை யாருமே நம்பவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையாகாது. மக்காச்சோள ஆய்வாளர்கள் பலர் இடப்பெயர்ச்சியை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஏற்கத் தயங்கியது, அவ்வுறுப்புகள் ஜீன்களைக் கட்டுப்படுத்துகின்றன என்னும் கருத்தையே. அவர் அவற்றுக்கு இட்ட பெயரே கட்டுப்படுத்தும் உறுப்புகள் என்பதுதான்! வேர், தண்டு, இலை எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள் இருக்க, உறுப்புக்கு உறுப்பு வடிவம் வேறுபடுவதேன் என்பதே அவரை வாட்டிய வினா. 1953க்குப் பின் பெரிய இதழ்களில் அவர் இதுபற்றி எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்; ஆராய்ச்சியை நிறுத்தவில்லை.

எஸ்பிஎம் என்று அவர் பெயரிட்ட மற்றோர் உறுப்பு இன்னும் வியப்பூட்டியது. சில செடிகளில் அது இருந்தும் செயலற்றுக் கிடந்தது. அந்நிலை அடுத்த தலைமுறைக்கும் சென்றது. பின்னொரு செடியில் மறுபடி உயிர்த்தெழுந்தது. உறுப்பு அழியவில்லை, உறங்கியிருந்திருக்கிறது. ஜீனின் எழுத்து மாறாமலேயே அதன் நிலை மாறி, அம்மாற்றம் வழிவழியாகத் தொடர்வதைத்தான் இன்று எபிஜெனிடிக்ஸ் என்கிறோம்.

பாக்டீரியாக்களிலும் தாவும் உறுப்புகள் தென்பட்ட பிறகு உலகம் அவர் பக்கம் திரும்பியது. 1983இல், 81ஆம் வயதில், மருத்துவத்திற்கான நோபல் பரிசை எவரோடும் பகிராமல் பெற்றார். பரிசு அளிக்கப்பட்டது தாவும் உறுப்புகளுக்காக. உறக்கத்தின் காரணம் அந்த 1980களிலேதான் துலங்கத் தொடங்கியது. செயலற்ற ஏசி, எஸ்பிஎம் உறுப்புகளின் டி.என்.ஏ. மீது மீதைல் தொகுதிகள் மிகுதியாக ஒட்டியிருப்பது தெரியவந்தது. 1992 செப்டம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

மீதைலைக் குறித்த இடத்திற்கு அழைத்து வருவது எது? 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் உருளைப்புழுவில் அதற்கு ஒத்த ஜீன் அடங்கிவிடுகிறது என்று காட்டினர். 2006இல் இருவரும் நோபல் பெற்றனர். 1999இல் ஹாமில்டன், பால்கோம் ஆகியோர், ஜீன் அடங்கிய தாவரங்களில் ஏறத்தாழ 25 எழுத்து நீளமே உள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்களைக் கண்டனர். டைசர் என்னும் நொதி நீண்ட இரட்டை இழையை இத்துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்னும் புரதம் துண்டின் ஓரிழையை ஏந்திக்கொண்டு இணையைத் தேடுகிறது. இணை தூது ஆர்.என்.ஏ.வாயின் அதை வெட்டலாம், புரதம் உருவாகாது. தாவரங்களிலோ, உட்கருவுக்குள் 24 எழுத்துத் துண்டுகள் வழிகாட்ட, தாவும் உறுப்பின் டி.என்.ஏ. மீதே மீதைல் பதிகிறது.

2009இல் மக்காச்சோளத்தின் மரபுத்தொகுதி முழுமையும் வாசிக்கப்பட்டபோது, அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு தாவும் உறுப்புகளே என்று கண்டார்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கின்றன. அந்த அடக்குமுறைக்கு வேண்டிய ஜீன்களுள் ஒன்று மாப்1, ஓரிழை ஆர்.என்.ஏ.வை இரட்டை இழையாக்கும் நொதியை அது ஆக்குவதாக 2006இல் அறிந்தனர். மாப்1 பழுதுபட்ட மக்காச்சோளச் செடிகளில், ஊமையாகிக் கிடந்த தாவும் உறுப்புகள் சில, தலைமுறைகள் சில கழிந்தபின் மீண்டும் விழித்துக்கொண்டிருக்கின்றன.