உலகத் தமிழறிஞர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்து வந்த தனிநாயகம் அடிகளார்

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்றதும் பலருக்கும் சென்னையும் மதுரையும் தஞ்சாவூரும்தான் நினைவுக்கு வரும். ஆனால், முதல் மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில், 1966 ஏப்ரல் மாதத்தில். அதற்கு வித்திட்டவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது பின்னாளில் அவர் சூட்டிக்கொண்ட முன்னோர் பெயர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். கொழும்பில் குருத்துவப் பயிற்சி பெற்று, ரோம் நகரத்திற்குச் சென்றார். அங்கே குருப்பட்டமும் இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் என ஐரோப்பிய மொழிகள் பல அவருக்குக் கைவந்தன. ஆனால், தாய்மொழியின் இலக்கியத்தை அந்த வயதுவரை அவர் ஆழ்ந்து கற்றிருக்கவில்லை.

ஆசிரியரே மாணவரானார்

1940இல் திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தபோதுதான் அந்தக் குறை அவருக்கு உறைத்தது. முனைவர் பட்டம் பெற்றவர், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். அதுவும் போதாதென்று, முப்பது வயதைக் கடந்த பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகிறது என்பதே அங்கு அவர் செய்த ஆய்வு. கிரேக்க, லத்தீன் கவிதைகளோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க அவரது பன்மொழி அறிவு துணை நின்றது.

அந்த ஒப்பீடு அவருக்கு ஒன்றை உணர்த்தியது. தமிழின் பெருமையைத் தமிழர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் போதாது. உலக அறிஞர்கள் படிக்கும் மொழியில், அவர்கள் ஏற்கும் ஆய்வு முறையில் சொல்ல வேண்டும். அதற்காக 1952இல் ஆங்கிலத்தில் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற காலாண்டு ஆய்விதழைத் தொடங்கினார். அதே காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராகவும் பணியாற்றினார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, தமிழரின் மொழி உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தார்.

இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் இருந்த நாள்களில் பழைய நூலகங்களைத் தேடித் தேடிச் சென்றார். 1554இல் லிஸ்பன் நகரில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறுநூல் ஒன்று அங்கே கிடந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தது. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழே என்பதற்குச் சான்றான இந்நூல்களைத் தமிழ் உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்ததில் அடிகளாருக்குப் பெரும் பங்குண்டு.

மலாயாவில் காத்திருந்த நாற்காலி

அவர் இங்கே வந்தது 1961இல். அவர் அமர்ந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு போராட்டமே இருந்தது.

சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு 1950களில் எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற பரிந்துரை வந்தது. இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாக இருக்க, அவர்களின் மொழிக்கு அங்கு இடமில்லையா என்ற கேள்வி கிளம்பியது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற இயக்கத்தை நடத்தினார். தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் நகரங்களில் கூலி வேலை செய்தவர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. 1956இல் துறை தொடங்கப்பட்டது. தமிழ் அதில் இடம் பிடித்தது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு மாறியது.

கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே இல்லை. அவர்களின் வியர்வைக் காசில் வந்த நூல்களுக்குப் பொறுப்பேற்றவர் அடிகளார். எட்டு ஆண்டுகள் அவர் இத்துறைக்குத் தலைமை தாங்கினார். கலைப்பிரிவின் தலைவராகவும் பணியாற்றினார். தமிழாய்வு நூல்களைத் தொகுத்துக் காட்டும் ஒரு வழிகாட்டி நூலை 1966இல் வெளியிட்டார். எந்த நாட்டு மாணவரும் தமிழாய்வைத் தொடங்க அது கைவிளக்காக இருந்தது.

அதே ஆண்டு இன்னொரு புதையலும் இத்துறையிலிருந்து வெளிவந்தது. அந்தாவ் தெ புரோயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி, 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதி வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. அதை அடிகளார் படியெடுத்து, அச்சு அசலாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தமிழர் வாயில் புழங்கிய பேச்சுச் சொற்களை அதில் இன்றும் காணலாம்.

தென்கிழக்கு ஆசியாவோடு தமிழருக்கிருந்த பழைய உறவையும் அவர் ஆராய்ந்தார். தாய்லாந்து அரசவைச் சடங்குகளில் திருவெம்பாவை ஓதப்படுவதைப் பற்றி எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

1966: கோலாலம்பூரில் கூடிய உலகம்

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை அடிகளார் ஓரிடத்தில் கூட்டினார். ஜனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சு நாட்டுப் பேராசிரியர் ழான் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்கள். தமிழாய்வு தமிழருக்கு மட்டும் உரிய காரியமன்று என்பதை அந்தப் பெயர்ப்பட்டியலே காட்டியது.

மன்றம் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் முதல் மாநாடு கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடக்கி வைத்தார். ம.இ.கா. தலைவரும் அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் துணை நின்றார். சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலமும் வந்திருந்தார். ஐரோப்பிய, அமெரிக்க, ஆசிய அறிஞர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற ஆண்டுகள் அவை. தமிழர் என்றாலே தோட்டக் கூலி என்று பார்க்கப்பட்ட நாட்டில், அவர்களின் மொழிக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு என்று பிரதமர் முன்னிலையில், வெளிநாட்டுப் பேராசிரியர்களே பேசினார்கள். மாநாடு யாருக்கும் வேலை வாங்கித் தரவில்லை. ஆனால், தலை நிமிர ஒரு காரணத்தைத் தந்தது.

அடுத்த மாநாடு 1968இல் சென்னையில் ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் சிலைகளுமாகப் பெருவிழாவாக நடந்தது. மக்கள் வெள்ளம் திரண்டது நல்லதே. எனினும், அடிகளார் மன்றத்தை அமைத்தது ஆய்வுக்காக. அதன் கட்டுரைகள் தொகுதிகளாக அச்சாகி நூலகங்களைச் சேர வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். கோலாலம்பூர் மாநாட்டுக் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. விழா முடிந்து பந்தல் பிரிந்த பின்னும் எஞ்சுவது அதுதான்.

இறுதி ஆண்டுகள்

1969இல் அடிகளார் மலேசியாவிலிருந்து விடைபெற்றார். மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் நடந்தது. நான்காவது, 1974 ஜனவரியில் அவர் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில். அதன் இறுதி நாளான ஜனவரி 10ஆம் தேதி, கூடியிருந்த மக்கள்மீது போலீசார் பாய்ந்தனர். நெரிசலிலும் அறுந்து விழுந்த மின்கம்பியிலும் உயிர்கள் பலியாயின. மொழி ஆய்வுக்கென்று அவர் ஏற்றிய விளக்கு, பிறந்த ஊரில் துக்கத்தில் முடிந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அடிகளார் காலமானார். ஐந்தாம் மாநாடு மதுரையில் கூட நான்கு மாதங்களே இருந்தன.

மாநாடு 1987, 2015, 2023ஆம் ஆண்டுகளில் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. இந்திய ஆய்வியல் துறையும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து இயங்குகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி அத்துறையில் பட்டம் பெற்றவர்கள் ஆசிரியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர், தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பது இயல்பு. பால்மரக் காட்டில் உழைத்து நூலகத்துக்குக் காசு கொடுத்த பாட்டன் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த காசுக்குத் தனிநாயகம் அடிகளார் எட்டே ஆண்டுகளில் கணக்குக் காட்டிவிட்டுப் போனார்.