நிலமற்றவருக்கு யார் பிணை? பிரெடரிக் நிக்கல்சனின் வாழ்வும் முத்துக்கரையும்

1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கையை அடியொற்றி, செப்டம்பர் 30 அன்று 1010ஆம் எண் வருவாய் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் நீதிமன்றப் படியேறிக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலங்களின் தொடக்கம் அதுவே. அதே ஆண்டில், உழவரை வட்டிக்காரரிடமிருந்து மீட்க வேளாண் வங்கிகள் அமைக்க இயலுமா என்று ஆராயும் பணி பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் முடிவு நிலம் குறித்தது. இரண்டாவது, அந்நிலத்தில் ஏர் பூட்டத் தேவையான கடன் குறித்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே போனதன் விளைவை நம் சேரிகள் நான்கு தலைமுறைகளாகச் சுமக்கின்றன. ஆகவே நிக்கல்சனின் வாழ்வை நாம் மீண்டும் படிக்க வேண்டியுள்ளது.

1846இல் பிறந்த நிக்கல்சன் 1869இல் சென்னை மாகாண ஆட்சிப் பணிக்கு வந்தார். 1887இல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அவர் எழுதியதே. கிணற்றையும் மாட்டையும் எருக்குழியையும் அருகிருந்து கவனித்த அதிகாரி அவர். புதிய விதை, நல்ல உரம், ஆழமான கிணறு ஆகியவற்றைப் பற்றி உழவருக்கு எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், கையில் முதல் இல்லாதவருக்கு அது வெறும் சொல்லே என்பதை அவர் அறிந்திருந்தார்.

வேளாண் வங்கிகள் குறித்த அவரது அறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஐரோப்பிய நாடுகளின் கடன் அமைப்புகளை ஆராய்ந்த அவர், ஜெர்மனியில் ஊர்த்தலைவராக இருந்த ரைஃபைசன் வளர்த்தெடுத்த சிற்றூர்க் கடன் சங்கங்களையே இந்தியாவுக்கு உகந்த வழியாகக் கண்டார். ஒரே ஊரார் சேர்ந்து சங்கம் அமைப்பர். ஒருவர் வாங்கும் கடனுக்கு அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பேற்பர். ஒருவரையொருவர் அறிந்திருப்பதே பிணையாகும். சென்னை அரசு இதை உடனே ஏற்கவில்லை. ஆயினும் 1901இல் எட்வர்ட் லா தலைமையில் அமைந்த குழுவில் நிக்கல்சன் இடம்பெற்றார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. இந்தியக் கூட்டுறவின் தந்தை என்று நிக்கல்சனைப் பாடநூல்கள் குறிப்பிடுவது இதனால்தான்.

சட்டம் பயின்ற நாம் அச்சட்டத்தை வேறு கண்ணோடும் படிக்க வேண்டும். ஒரே ஊரில் அல்லது அருகருகே உள்ள ஊர்களில் வாழும் பத்துப் பேர் சங்கம் அமைக்கலாம் என்றது அது. பதிவாளர் இசைந்தால் ஒரே குலத்தவரோ, வகுப்பினரோ, சாதியினரோ சேர்ந்து அமைக்கலாம் என்றும் இடமளித்தது. ஜெர்மானியச் சிற்றூரில் அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கு இருந்த பொருள் தமிழ்நாட்டில் இருக்கவில்லை. இங்கு ஊர் வேறு, சேரி வேறு. ஊரில் இருப்பவர் சேரியில் இருப்பவரின் கடனுக்கு வரம்பற்ற பொறுப்பேற்பாரா? பண்ணையாளின் பிள்ளையோடு ஒரே பாயில் அமர்ந்து சங்கக் கூட்டம் நடத்துவாரா? பரஸ்பர நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்ட அமைப்பு, நம்பிக்கையைச் சாதி பங்கிட்டு வைத்திருந்த நாட்டில் வேரூன்றியபோது, நிலமும் பிணையாளரும் உடையவருக்கே அது எளிதில் பயன்பட்டது. பின்னர் தஞ்சைப் பகுதியில் ஆதிதிராவிடர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து, வீட்டுமனைகளைத் தவணையில் வாங்கினர். கூட்டுறவு எனும் கருவியில் பிழையில்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி என்பதற்கு அச்சங்கங்கள் சான்று.

நிக்கல்சனின் வாழ்வில் இரண்டாம் பகுதி கடலோரத்தில் கழிந்தது. அரசுப் பணியின் இறுதிக் கட்டத்துக்குப் பின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார். ஜப்பானுக்குச் சென்று, சிறு மீனவர்களின் சங்கங்களையும் மீன்வளப் பள்ளிகளையும் கண்டு 1907இல் அறிக்கை அளித்தார். அவ்வாண்டில் உருவான சென்னை மீன்வளத் துறையை மதிப்புறு இயக்குநராக இருந்து வழிநடத்தினார்.

அவர் கையாண்ட முறை இன்றைய வேளாண் விரிவாக்கப் பணியாளர் அனைவரும் அறிய வேண்டியது. மலபார் கரையில் மத்தி மீன் மலைபோல் குவிந்து அழுகும். அழுகிய மீனிலிருந்து எடுத்த எண்ணெய் நாறும், விலை போகாது. புதிய மீனைக் கொப்பரையில் வேகவைத்து, பிழிந்து, தூய எண்ணெய் எடுத்து, சக்கையை உலர்த்தி உரமாக்கும் முறையைத் தானூர் அருகே அமைந்த அரசுச் சோதனைக் களத்தில் அவர் செய்து காட்டச் செய்தார். விலை மிகுந்த எந்திரம் தேவையில்லை. கொப்பரையும் அழுத்தியும் போதும். கரையோரத்தில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. கடலில் மிஞ்சிய மீன் தோட்டங்களுக்கு எருவாயிற்று. நீராவி இழுவைப் படகுகளைத் திடீரென இறக்கினால் கட்டுமரக்காரர் அழிவர் என்பதால், கைவினையிலிருந்து படிப்படியாக முன்னேறுவதையே அவர் விரும்பினார். மீனவருக்குப் பள்ளி, சங்கம், சிக்கனம் ஆகியவை நுட்பத்துடன் சேர்ந்தே செல்ல வேண்டும் என்றும் கருதினார். மீனவரின் வறுமைக்கு அவர்களது குடியையும் கல்லாமையையும் காரணமாகக் கண்ட தந்தைமைப் பார்வை அவரிடம் இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தூத்துக்குடிக் கரையில் அதே துறைக்கு வேறொரு முகம் இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களும் சங்குப் படுகைகளும் அத்துறையின் பொறுப்புக்கு வந்தன. 1908இல் பணியேற்ற கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல், சிப்பி எப்போது படியும், எப்போது முதிரும், எப்போது அழியும் என்பதை நுணுகி ஆராய்ந்தார். அறிவியல் வந்தது, ஆனால் அது குளிப்பவரின் கைக்கு வரவில்லை. முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. மூச்சடக்கி மூழ்கிய பரதவருக்கும் முஸ்லிம் குளியாளிகளுக்கும் ஒரு பங்கே எஞ்சியது. சங்கை அரசைத் தவிர வேறெவருக்கும் விற்க முடியாது. விலையை அரசே வைத்தது. அச்சங்குகள் வங்கத்தில் வளையலாக அறுக்கப்பட்டன. மலபாரில் ஆசிரியராக நின்ற துறை, முத்துக்கரையில் ஜமீன்தாராக நின்றது. வருவாய் தரும் இடத்தில் அறிவு கருவூலத்துக்கும், வருவாய் இல்லாத இடத்தில் மட்டும் மக்களுக்கும் சென்றது.

நிக்கல்சன் குன்னூரில் முதுமையைக் கழித்து 1936இல் மறைந்தார். படிப்படியாக என்ற அவரது எச்சரிக்கையும் விரைவில் மறக்கப்பட்டது. 1950களில் கொல்லத்தருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் எந்திரப் படகுகளுக்கு வழிவகுத்தது. இறால் ஏற்றுமதி பெருகியபோது இழுவைப் படகுகள் பெருகின. 1970களில் அவற்றுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் கடலில் மோதல் மூண்டது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல்தான் வந்தது. தூத்துக்குடியின் அரசு முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோனது. 1973இல் வேப்பலோடையில் நடுவண் ஆய்வு நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். ஆய்வகத்தில் வென்ற அந்நுட்பம், முன்னோர் மூச்சைக் கொடுத்த குடும்பங்களின் அன்றாடத் தொழிலாக மாறவில்லை.

இன்று அக்கரையின் உப்பளங்களில் பாத்தி மிதிக்கும் பெண்கள் பலரிடம் பட்டாவும் இல்லை, படகும் இல்லை. சட்ட உதவிக்காக நாங்கள் சென்ற ஒரு குடியிருப்பில், கூட்டுறவுக் கடன் கேட்கப் போன பெண்களிடம் நிலமுள்ள இருவரைப் பிணைக்கு அழைத்து வரச் சொன்னதாகக் கூறினர். அவர்கள் அறிந்த நிலமுள்ளோர் எல்லாரும் அவர்களுடைய கூலி முதலாளிகளே. முதலாளியிடம் பிணை கேட்டுவிட்டு மறுநாள் அவரிடமே கூலி உயர்வு கேட்க முடியுமா?

2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(இ) கூறில் சேர்த்தது. மாநிலச் சங்கங்களைப் பற்றிய அத்திருத்தத்தின் பகுதியை 2021இல் உச்ச நீதிமன்றம் நீக்கியபோதும், இவ்வுரிமை நிலைத்தே இருக்கிறது. நாம் இதைப் பயன்படுத்த வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அதில் சேரி எத்தனை, பெண்கள் எத்தனை, குத்தகை உழவர் எத்தனை என்று எண்ணுங்கள். பிணை விதியை எழுத்தில் பெறுங்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்குக் காரணம் கேளுங்கள். புதிய விதையோ, சொட்டுநீரோ, கடற்பாசி வளர்ப்போ எந்தத் திட்டம் வந்தாலும், நிலமற்றவருக்கு அதில் யார் பிணை என்ற கேள்வியை முதற்கூட்டத்திலேயே எழுப்புங்கள். 1892இல் பிரிந்துபோன நிலத்தையும் கடனையும் ஒரே மனுவில் சேர்த்துக் கேட்கும் வேலை நம்முடையது.