வற்றாத அருளூற்று

கோடைக்காலத்தில் வைகையாறு வறண்டு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஆயினும், மணலை அகழ்ந்தால் தெளிந்த நீர் ஊறும். ஓய்வின்றி முகந்துகொண்டே இருப்பின் அவ்வூற்றுக் கலங்கிவிடும். சற்றே பொறுத்தால் மீண்டும் தெளிந்து நிறையும். பிறர் துயர் துடைப்போரின் உள்ளமும் அத்தகையதே. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய பெருமாட்டியார், வேலூர்க் கிறித்தவ மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார்.

இவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். இவர்தம் பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவினின்று வந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும், சில காலம் மதுரையிலும் மருத்துவத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய கொடும்பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் வந்த சிறுவர்க்கு இக்குழந்தையும் தன் சிறுகையால் உணவளித்தது. அக்காட்சி நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. பின்னர் அமெரிக்காவிற் பயின்ற காலத்தில், இந்தியாவில் தொண்டுபுரியும் வாழ்வு தமக்கு வேண்டா என்றே ஐடா முடிவு செய்திருந்தார். துன்பங்கண்டு விலகுவது கன்னெஞ்சின் இயல்பு மட்டுமன்று. அளவிறந்து இரங்கிய மென்னெஞ்சும் அவ்வாறு சோர்ந்து விலகுவது உண்டு.

1890-ஆம் ஆண்டில், நோயுற்ற அன்னையாரைப் பேணுதற்பொருட்டு அவர் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவில், ஒருவர்பின் ஒருவராய் மூவர் அவர்தம் வீட்டு வாயிலை அடைந்தனர். மூவர்தம் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடினர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அக்கால வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியார். பொழுது புலர்வதற்குள் பெண்டிர் மூவரும் மாண்டனர். இறைவனை வேண்டி அவ்விரவைக் கழித்த ஐடா, மருத்துவம் கற்கத் துணிந்தார். 1899-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் மீண்டார்.

வந்த சில திங்களில் தந்தையார் மறைந்தார். வழிகாட்டுவார் இல்லாத நிலையிலும், வீட்டின் சிற்றறையிலேயே சலோமி என்னும் தமிழ்ப்பெண்ணின் துணையுடன் மருத்துவம் தொடங்கினார். ஈராண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அவரை நாடினர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் செல்லும் வழியில் மரநிழல்தோறும் காத்திருந்த சிற்றூர் மக்களுக்கும் அவர் மருந்தளித்தார். எத்துணைப் பேரைக் காப்பினும், காக்க இயலாதார் பலர் எஞ்சினர். இந்நிலை எவர் உள்ளத்தையும் உலர்த்திவிடும்.

அம்மையாரின் உள்ளம் உலராமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இறைப்பற்று. நாடோறும் வேண்டுதலிலும் மறைநூல் ஓதுதலிலும் அவர் உறுதி பெற்றார். விவிலியத்தில் அன்பின் இயல்பை விரித்துரைக்கும் பகுதி அவர் உள்ளத்துக்கு மிக நெருங்கியது.

இரண்டாவது, ஓய்வைப் பழியென்று கருதாமை. மதுரைச் சமவெளியில் பணியாற்றிய அமெரிக்கத் தொண்டர் பலர், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்த பட்டறிவினால், 1845-இல் கோடைக்கானல் மலைமேல் இரு வீடுகள் கட்டினர். மதுரையும் அவனியாபுரமும் வெயிலில் தகிக்கும் நாளில் அம்மலை குளிர்ந்திருக்கும். அம்மையாரும் கோடைதோறும் அங்குச் சென்றார், பூஞ்செடிகள் வளர்த்தார், முதுமையிலும் டென்னிசு ஆடினார். மலையில் பெற்ற புத்துணர்ச்சி, வேலூரில் நோயாளர்க்குப் பயன்பட்டது.

மூன்றாவது, சுமையைப் பகிர்தல். தம் இரு கைகளால் ஆகும் பணி சிறிதே என்று உணர்ந்த அம்மையார், 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்கள் தேர்ச்சி பெறுவார்களோ என்று ஐயுற்றோரும் உளர். 1922-இல் முதல் அணியினர் பதினால்வரும் தேர்ந்து மருத்துவராயினர். தாமே யாவும் செய்தல் வேண்டும் என்று எண்ணுவார்க்கு ஓய்வில்லை. பிறரை ஆளாக்குவார்க்கே அது கிட்டும்.

1946-இல் பொறுப்பினின்று விலகிய அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தம் 89-ஆம் அகவையில் கோடைக்கானலில் இயற்கை எய்தினார். துயரினைக் காண அஞ்சி விலக எண்ணிய இளம்பெண்ணே, அதனோடு அரை நூற்றாண்டு போராடி நின்றார். பிறர்க்கு நீர் வழங்கும் ஊற்று, தானும் ஊறுதற்குப் பொழுது பெறுதல் வேண்டும். தன்னைப் பேணுதலும் அருளறத்தின் ஒரு கூறே என்பதை அம்மையாரின் வாழ்வு உணர்த்துகின்றது.