விரல்களில் ரகசிய சிக்னலா? சீட்டாட்ட மேதை டெரன்ஸ் ரீஸை சாகும்வரை துரத்திய புகார்

1965, மே மாதம். அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் உலக சாம்பியன்ஷிப்பான பெர்முடா பவுல் நடந்துகொண்டிருந்தது. இத்தாலி, வட அமெரிக்கா, பிரிட்டன், அர்ஜென்டினா என நான்கு அணிகள்.

ஆட்டத்தின் நடுவே அமெரிக்க வீரர் பி.ஜே. பெக்கரின் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. எதிரில் இருந்த பிரிட்டன் வீரர், சீட்டுகளைப் பிடித்திருந்த கையில் சில நேரம் ஒரு விரலை மட்டும் வெளியே காட்டுகிறார். சில நேரம் இரண்டு விரல், சில நேரம் மூன்று. அவருடைய ஜோடியும் அதே மாதிரி செய்கிறார்.

அந்த வீரர் சாதாரண ஆள் இல்லை. அவர்தான் டெரன்ஸ் ரீஸ். அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த பிரிட்ஜ் வீரர்களில் ஒருவர். பிரிட்ஜ் பற்றி எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லப்பட்டவர். இவர் ஏமாற்றினாரா? அறுபது ஆண்டுகள் ஆகியும் பிரிட்ஜ் உலகம் இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏமாற்றுவது எப்படி?

நம்மில் பலருக்கு ரம்மி தெரியும். பிரிட்ஜ் அப்படி இல்லை. 304, இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நான்கு பேர், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம் கேட்க வேண்டும், பிறகு துருப்பு வைத்து ஆட வேண்டும்.

உங்கள் ஜோடியிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஏலம் கேட்கும் விதத்தையும், இறக்கும் சீட்டையும் வைத்து நீங்களே ஊகிக்க வேண்டும். அந்த ஊகம்தான் மொத்த ஆட்டமும். ஜாடையில் ஒரே ஒரு தகவலை ஜோடிக்குச் சொல்லிவிட்டால்கூட, கண்ணைக் கட்டி ஆடுபவர்களுக்கு நடுவே நீங்கள் மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டு ஆடுவது மாதிரி.

யார் இந்த டெரன்ஸ் ரீஸ்?

1913 ஆகஸ்ட் 28-ல் இங்கிலாந்தின் எப்சம் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தார். படிப்பு முடிந்து லண்டனின் பிரபல ஹாரட்ஸ் கடையில் கொஞ்ச காலம் வேலை. அது ஒத்துவரவில்லை. சீட்டாட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

1930-களில் லண்டனில் இளம் வீரர்கள் சிலர் சேர்ந்து ஏகோல் என்ற ஏல முறையை உருவாக்கினார்கள். பிரிட்டனில் பெரும்பாலானோர் இன்றும் கற்றுக்கொள்ளும் முறை அதுதான். அதை வளர்த்தவர்களில் ரீஸும் ஒருவர்.

ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை நான்கு முறை வென்ற அணிகளில் இருந்தார். 1955-ல் நியூயார்க்கில் அமெரிக்காவைத் தோற்கடித்து பெர்முடா பவுலை வென்ற பிரிட்டன் அணியிலும் இருந்தார்.

ஆனால் அவர் பெயரை வீடுகளுக்குள் கொண்டுபோனது அவருடைய எழுத்து. அப்சர்வர் பத்திரிகையில் பல ஆண்டுகள் பிரிட்ஜ் பத்தி எழுதினார். 1947-ல் வந்த ரீஸ் ஆன் ப்ளே, 1958-ல் வந்த தி எக்ஸ்பர்ட் கேம் ஆகிய புத்தகங்களை இன்றும் வீரர்கள் தேடிப் படிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சீட்டை, கிடைக்கிற சின்னச் சின்ன தடயங்களை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆள் எப்படி? அளந்து பேசுவார், ஆனால் வார்த்தை ஊசி மாதிரி குத்தும். முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. நேரெதிர் குணம் அவருடைய ஜோடி போரிஸ் ஷாப்பிரோவுக்கு. ரீகாவில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஷாப்பிரோ கலகலப்பானவர், சத்தமாகப் பேசுபவர். குணம் ஒத்துப்போகாத இந்த இருவரும் பல ஆண்டுகள் ஒரே ஜோடியாக ஆடி உலகையே மிரட்டினார்கள்.

பியூனஸ் அயர்ஸில் நடந்தது என்ன?

தான் பார்த்ததை பெக்கர் இரண்டு பேரிடம் சொன்னார். ஒருவர் அவருடைய ஜோடியாக ஆடிய டோரதி ஹேடன். இன்னொருவர் நியூயார்க் டைம்ஸின் பிரிட்ஜ் ஆசிரியர் ஆலன் டிரஸ்காட். டிரஸ்காட் இங்கிலாந்தில் பிறந்தவர், ஒரு காலத்தில் பிரிட்டன் அணிக்கே ஆடியவர்.

மூவரும் ரகசியமாகக் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ரீஸும் ஷாப்பிரோவும் எத்தனை விரல் காட்டினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்த ஆட்டத்தில் யாரிடம் என்ன சீட்டு இருந்தது என்ற பதிவோடு ஒப்பிட்டார்கள்.

விரல் எண்ணிக்கை ஹார்ட்ஸ் சீட்டுகளோடு, அதாவது நம் ஊரில் ஆட்டின் என்று சொல்வோமே, அதோடு பொருந்தியது. இரண்டு விரல் என்றால் இரண்டு ஆட்டின், மூன்று விரல் என்றால் மூன்று. விரல்களை விரித்துப் பிடித்தால் அதைவிட அதிகம். இதுதான் அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்ன சங்கேதம்.

விஷயம் பிரிட்டன் அணியின் கேப்டன் ரால்ஃப் ஸ்விமருக்கும், பிரிட்டிஷ் பிரிட்ஜ் லீக் தலைவர் ஜெஃப்ரி பட்லருக்கும் போனது. அவர்களும் நேரில் உட்கார்ந்து கவனித்து, தனித்தனியே குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகளும் அதையே காட்டின. சொந்த அணியின் கேப்டனே தன் வீரர்களுக்கு எதிராகச் சாட்சி ஆகிவிட்டார்.

உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு விசாரித்தது. குற்றம் நிரூபணமானது என்றது. அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் எதிரான ஆட்டங்களை ஸ்விமர் விட்டுக்கொடுத்தார். ஷாப்பிரோ தன்னிடம் உண்மையை ஒப்புக்கொண்டதாகவும் அவர் சொன்னார். ஷாப்பிரோ அதை மறுத்தார். ரீஸோ ஆரம்பத்திலிருந்தே ஒரே பதில்தான் சொன்னார்: அப்படி எதுவும் நடக்கவில்லை.

லண்டன் விசாரணையில் தலைகீழ் தீர்ப்பு

பிரிட்டனில் இது பெரிய செய்தியானது. பிரிட்டிஷ் பிரிட்ஜ் லீக் தனி விசாரணை வைத்தது. வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜான் ஃபாஸ்டர் தலைமை. உடன், முன்னாள் ராணுவ ஜெனரல் லார்டு போர்ன்.

ஒரு வழக்கு மாதிரியே நடந்தது. இரு தரப்பிலும் வக்கீல்கள், சாட்சிகள், குறுக்கு விசாரணை. முக்கியமாக, அந்த ஆட்டங்களை நிபுணர்கள் சீட்டு சீட்டாக அலசினார்கள். ஜோடியிடம் எத்தனை ஆட்டின் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் மாதிரியா இவர்கள் ஆடியிருக்கிறார்கள்?

1966 ஆகஸ்டில் முடிவு வந்தது. விரல்களைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியம் வலுவானதுதான். ஆனால் ரகசியத் தகவலால் பலன் அடைந்த தடயம் ஏலத்திலும் ஆட்டத்திலும் இல்லை. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கே. எனவே குற்றவாளிகள் இல்லை.

அப்போ பிரச்சினை முடிந்ததா? இல்லை. 1967 தொடக்கத்தில் உலகக் கூட்டமைப்பு தன் தீர்ப்பில் உறுதியாக நின்றது. இந்த இருவரையும் 1968 உலக ஒலிம்பியாட் போட்டிக்கு ஏற்க மாட்டோம் என்றது. பிரிட்டன் அந்தப் போட்டிக்கே போகவில்லை. தடை பிறகுதான் விலக்கப்பட்டது.

இரண்டு தீர்ப்பு, எது சரி?

கவனித்துப் பார்த்தால், இரண்டு விசாரணைகளும் கேட்ட கேள்வியே வேறு. பியூனஸ் அயர்ஸில் விரல்களைப் பார்த்தார்கள். லண்டனில் சீட்டுகளைப் பார்த்தார்கள்.

ரீஸை நம்புபவர்கள் கேட்பது இதுதான். இவ்வளவு திறமைசாலிக்கு ஏமாற்ற என்ன அவசியம்? அப்படியே ஏமாற்றினாலும், எல்லோர் கண்ணிலும் படுகிற விரல் ஜாடையையா தேர்ந்தெடுப்பார்? நம்பாதவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்றால், தனித்தனியே எடுத்த குறிப்புகள் எல்லாம் எப்படி ஒரே மாதிரி பொருந்தின?

இருவரும் புத்தகம் எழுதி மோதினார்கள். ரீஸின் ஸ்டோரி ஆஃப் ஆன் அக்யூசேஷன் 1966-ல் வந்தது. டிரஸ்காட்டின் தி கிரேட் பிரிட்ஜ் ஸ்கேண்டல் 1969-ல் வந்தது. இரண்டையும் படித்தவர்கள் இரண்டு கட்சியாகவே இருந்தார்கள். டிரஸ்காட்டும் டோரதி ஹேடனும் பின்னாளில் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதன் பிறகு ரீஸ் என்ன ஆனார்?

பியூனஸ் அயர்ஸுக்குப் பிறகு ரீஸ் நாட்டுக்காக ஆடவே இல்லை. அப்போது அவருக்கு வயது 51. எழுத்தை மட்டும் விடவில்லை. புத்தகம் மேல் புத்தகம் வந்துகொண்டே இருந்தது. 1996 ஜனவரி 29-ல் ஹோவ் நகரில் காலமானார்.

ஷாப்பிரோவின் கதை வேறு. 1998-ல், 89 வயதில், மூத்தோருக்கான உலக ஜோடிப் பட்டத்தை வென்றார். 2002-ல் இறந்தார்.

2005-ல் இன்னொரு திருப்பம். ரீஸ் தன்னிடம் உண்மையை ஒப்புக்கொண்டதாக பிரிட்ஜ் பதிப்பாளர் டேவிட் ரெக்ஸ்-டெய்லர் சொன்னார். ஏமாற்றுவது பற்றிய ஒரு புத்தகத்துக்காகச் செய்த பரிசோதனை அது, 40 ஆண்டுகள் கழித்தே, அதுவும் இருவரும் இறந்த பிறகே வெளியே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை என்றார். சிலர் நம்பினார்கள். சிலர், மறுத்துப் பேச ஆளில்லாத நேரத்தில் வந்த வாக்குமூலம் இது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஆட்டத்தில் வந்த மாற்றம்

1975 பெர்முடா பவுலில் மேஜையின் குறுக்கே திரை வந்தது. ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அந்தப் போட்டியிலேயே இத்தாலிய வீரர்கள் இருவர் மேஜைக்கு அடியில் காலால் சிக்னல் கொடுத்ததாகப் புகார் வந்தது. திரை கீழேயும் இறங்கியது. இன்று பெரிய போட்டிகளில் மேஜைக்கு மேல் கேமராவே இருக்கிறது.

பியூனஸ் அயர்ஸில் ஒரு கேமரா இருந்திருந்தால், ரீஸ் குற்றவாளியா நிரபராதியா என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். இருந்தது சில பென்சில் குறிப்புகளும், பார்த்தவர்களின் வார்த்தையும், பார்க்கப்பட்டவர்களின் மறுப்பும்தான். மறைந்திருக்கும் சீட்டைக் கண்டுபிடிக்க ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரின் கையில் இருந்த அந்த ஒரு சீட்டை மட்டும் இதுவரை யாராலும் திருப்பிப் பார்க்க முடியவில்லை.