காயலான் கடையில் கிடந்த எதிர்காலம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை அடுத்த ஒரு காயலான் கடையில், 1980-களின் இறுதியில், பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவருக்கு நான்கு கார்களின் எச்சங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று துண்டு துண்டாக அறுக்கப்பட்டிருந்தது. அவை விபத்தில் நொறுங்கியவை அல்ல; ஓடித் தேய்ந்தவையும் அல்ல. நாளைய கார் இப்படித்தான் இருக்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1955, 1956-ஆம் ஆண்டுகளில் உருவாக்கிக் காட்டிய கனவு கார்கள் அவை. பணி முடிந்ததும் அழித்துவிடுவதற்காக அனுப்பப்பட்டவை. கடைக்காரர் நசுக்காமல் விட்டுவைத்ததால் மட்டுமே மிஞ்சியவை.

அந்தக் கார்கள் பிறந்த பட்டறையின் தலைவர் ஹார்லி ஏர்ல். பழைய அமெரிக்கக் கார்களை எண்ணி ஏங்குவோர் மனதில் தோன்றும் காட்சிகள் பலவற்றுக்கும் அவரே மூலவர். நீண்டு தாழ்ந்த உடல், பளபளக்கும் குரோமியப் பட்டைகள், வளைந்த முன்கண்ணாடி, பின்புறம் எழுந்து நிற்கும் வால்சிறகுகள் ஆகியவை அவரது காலத்தின் முத்திரைகள். ஆனால், அந்த அழகோடு சேர்த்து இன்னொன்றையும் அவர் உலகுக்குக் கற்றுக் கொடுத்தார். அதன் விளைவை நாம் இன்றும் அனுபவித்துக் கொண்டிருக்கிறோம்.

ஏர்ல் 1893 நவம்பர் 22-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தார். அவருடைய தந்தை குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் தொழில் செய்தவர். காலம் மாறுவதை உணர்ந்து 1908-இல் மோட்டார் வாகனங்களுக்கு உடல் கட்டும் பட்டறையாக அதை மாற்றினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்ட மகன், தந்தையின் பட்டறைக்கே திரும்பினார். பக்கத்திலேயே ஹாலிவுட் வளர்ந்து கொண்டிருந்தது. ஃபேட்டி ஆர்பக்கிள், டாம் மிக்ஸ் போன்ற மௌனப் பட நட்சத்திரங்கள் தங்களுக்கென்று தனித்த கார்களைக் கேட்டு வந்தனர். மற்றவர்கள் மரத்தையும் தகட்டையும் கொண்டு போராடிய காலத்தில், ஏர்ல் களிமண்ணில் காரின் உருவத்தைப் பிசைந்து பார்த்தார். பிடிக்காத வளைவை விரலால் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்க முடிந்தது. காரைத் தனித்தனிப் பாகங்களாகப் பார்க்காமல், சிற்பம்போல ஒரே உருவமாகப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் உருவானது.

அப்போது அமெரிக்கச் சாலைகளை ஆண்டது ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி'. 1914 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கும் மேலாக அது கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்பனையானது. விலை மலிவு, உழைப்பு உறுதி என்பதே அதன் பெருமை. அந்த விலையோடு போட்டியிட்டு வெல்ல முடியாது என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் உணர்ந்திருந்தார். ஏற்கெனவே கார் வைத்திருப்பவரை மீண்டும் கடைக்கு வரவழைக்க என்ன வழி என்பதே அவருடைய கேள்வி. விரைவில் உலரும் பலவண்ணப் பூச்சு 1920-களின் நடுவில் வந்தது, பாதி விடையாக அமைந்தது. மீதி விடையாக அமைந்தவர் ஏர்ல்.

காடிலாக் பிரிவின் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர் அவரை கலிஃபோர்னியாவிலிருந்து அழைத்து வந்தார். ஏர்ல் வடிவமைத்த 'லாசால்' கார் 1927-இல் வெளியாகி வெற்றி பெற்றது. அதே ஆண்டில் ஸ்லோன், கலை - வண்ணப் பிரிவு என்ற ஒன்றைத் தொடங்கி ஏர்லிடம் ஒப்படைத்தார். இரும்போடும் எந்திரத்தோடும் பழகிய பொறியாளர்கள் அதை அழகு நிலையம் என்று எள்ளி நகையாடினர். அவர்களுடைய ஏளனத்துக்கு வாய்ப்பும் விரைவில் கிடைத்தது. 1929-ஆம் ஆண்டின் பியூக் காரில் தொழிற்சாலையினர் தம் வசதிக்கேற்ப அளவுகளை மாற்றியதில், பக்கவாட்டில் ஒரு புடைப்பு உண்டானது. கருவுற்ற கார் என்று மக்கள் கேலி செய்தார்கள், விற்பனை சரிந்தது. வரைபவரின் சொல்லுக்குத் தொழிற்சாலையில் அதிகாரம் இல்லாவிட்டால் வரைபடத்துக்கு மதிப்பில்லை என்பதை ஏர்ல் அன்று கற்றார். அந்த அதிகாரத்தைப் படிப்படியாகப் பெற்று, 1940-இல் நிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

காரை நீளமாக்குவது, தாழ்வாக்குவது என்ற இரண்டே இலக்குகளைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் விடாமல் பிடித்திருந்தார். 1938-இல் அவர் உருவாக்கிய பியூக் 'ஒய்-ஜாப்' அதன் முதல் பெரும் வெளிப்பாடு. முகப்பு விளக்குகள் மூடிக்குள் மறையும். கண்ணாடிகள் மின்விசையால் ஏறி இறங்கும். ஏறி நிற்கும் படிப்பலகை கிடையாது. விற்பதற்காக அல்லாமல், வருங்காலத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட கார் அது. கனவு கார் என்னும் மரபின் தொடக்கமாகப் பலரும் அதையே குறிப்பிடுகின்றனர். ஏர்ல் அதைத் தம் சொந்தக் காராகவே பல ஆண்டுகள் ஓட்டினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லாக்ஹீட் நிறுவனத்தின் இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைத் தம் குழுவினருக்குக் காட்ட அவர் அழைத்துச் சென்றார். போர் முடிந்த பிறகு, 1948-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் அந்த வால் சிறு சிறகாக முளைத்தது. காருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆனால், போரில் வென்று, வீடும் வேலையும் பெற்று, வானத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அந்தச் சிறகு தேவைப்பட்டது. 'மோட்டோரமா' என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்ற கண்காட்சிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். 1953-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் காட்டப்பட்ட 'கார்வெட்' அதே ஆண்டில் விற்பனைக்கே வந்துவிட்டது. ஜெட் விமானத்துக்குச் சக்கரம் பூட்டியதுபோன்ற 'ஃபயர்பேர்டு' கார்கள் டர்பைன் எந்திரத்தில் இயங்கின. அவற்றில் மூன்றாவதில் ஸ்டீயரிங் சக்கரமே இல்லை; ஒரு கைப்பிடி மட்டுமே இருந்தது.

இந்தக் கொண்டாட்டத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஆண்டுதோறும் புதிய தோற்றம் என்பது நிறுவனத்தின் விற்பனைக் கொள்கை. புதியது அழகாகத் தெரிய வேண்டுமானால், கையில் இருப்பது பழையதாகத் தெரிய வேண்டும். நன்றாக ஓடும் காரை, அது ஓடாததற்காக அல்லாமல், அதன் தோற்றத்துக்காக மாற்றும் மனநிலையை ஏர்லின் பிரிவு திட்டமிட்டு வளர்த்தது. அவர் இதை மறைத்ததும் இல்லை, வெட்கப்பட்டதும் இல்லை. மக்கள் அடிக்கடி கார் மாற்றினால்தான் தொழிற்சாலைகள் ஓடும், வேலைவாய்ப்பு பெருகும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்த விதி அவரையும் விடவில்லை. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1957-ஆம் ஆண்டுக் கார்களின் மெல்லிய கோடுகளைப் பார்த்த அவருடைய இளம் உதவியாளர்கள் திகைத்தனர். தலைவர் ஐரோப்பாவில் இருந்த நேரத்தில், அவர் ஒப்புதல் அளித்திருந்த கனத்த வடிவங்களை ஒதுக்கிவிட்டு வேறு வரையத் தொடங்கினர். போன ஆண்டின் கார் பழையது என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தவர், தாமே பழையவராகிவிட்டதைத் திரும்பி வந்து கண்டார். அவர் எதிர்த்துப் போராடவில்லை. இளையவர்களின் வழிக்கு இசைந்தார். உச்சியைத் தொட்ட வால்சிறகுகளோடு 1959-ஆம் ஆண்டின் காடிலாக் கடைக்கு வந்த நேரத்தில், 1958 இறுதியில், 65 வயதில் ஓய்வு பெற்றார். 1965-இல் ரால்ஃப் நேடர் தம் நூலில், உயிர் காக்கும் ஏற்பாடுகளைவிட ஒப்பனைக்கு முன்னுரிமை தந்த வடிவமைப்பாளர்களைக் கடுமையாகச் சாடினார். சிறகுகள் அதற்குள் மறைந்தே போயிருந்தன. 1969 ஏப்ரல் 10-ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஏர்ல் காலமானார்.

கனவு கார்கள் காயலான் கடைக்குப் போனதன் காரணமும் இந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது. நேற்றைய எதிர்காலத்தைப் பாதுகாத்து வைப்பதால் இன்றைய விற்பனைக்கு ஒரு பயனும் இல்லை. மனிதர்களைத் தம் காரைக் கைவிடப் பழக்கிய நிறுவனம், தன் கனவையும் அதே எளிமையோடு கைவிட்டது. தப்பிப் பிழைத்த 'ஓல்ட்ஸ்மொபீல் எஃப்-88' என்ற கனவு கார் 2005-இல் 30 லட்சம் டாலருக்கும் அதிகமான விலைக்கு ஏலம் போனது என்பது, கைவிட்டதன் மதிப்பு பிற்பாடுதான் தெரியும் என்பதற்குச் சான்று.

ஏர்ல் ஓய்வு பெற்ற சில வாரங்களில் கியூபாவில் புரட்சி வென்றது. பின்னர் வந்த அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் அந்தத் தீவுக்கு அமெரிக்காவின் புதிய கார்கள் வருவது நின்றது. எனவே, ஏர்லின் காலத்துக் கார்களை அம்மக்கள் தட்டி, ஒட்டி, வேறு எந்திரம் பொருத்தி ஓட்டினார்கள். சில ஆண்டுகளில் சலித்துவிட வேண்டும் என்று வரையப்பட்ட கார்கள் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் ஹவானா வீதிகளில் ஓடின. வறுமையையும் தட்டுப்பாட்டையும் யாரும் போற்ற வேண்டியதில்லை. ஆனால், கார் சீக்கிரம் பழையதாகவில்லை, பார்வைதான் பழையதாக்கப்பட்டது என்ற உண்மையை அவ்வீதிகள் உலகுக்குக் காட்டின.

சாமானியர் வாங்கும் எந்திரமும் அழகாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஏர்ல் நமக்குத் தந்த கொடை. இருப்பதில் நிறைவு கொள்ளாத மனம் அவர் விட்டுச்சென்ற கடன். பழைய கார்களின் படங்களைப் பார்த்து நாம் கொடையை எண்ணி ஏங்குகிறோம். ஆண்டுக்கொரு கைப்பேசி மாற்றுகையில் கடனைத் தொடர்கிறோம். ஏக்கம் உண்மையானது என்றால், அதைக் காட்டும் இடம் அருங்காட்சியகம் அல்ல. நன்றாக இயங்கிக்கொண்டு நம் கையிலேயே இருக்கும் பொருள்தான்.