விட்டலனிடம் சண்டை போட்ட இல்லத்தரசி!

வீட்டில் ஒரு பிடி தானியம் இல்லை. குழந்தைகள் பசியில் அழுகின்றன. கடன்காரர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரரோ கண்களை மூடி, இறைவனின் நாமத்தில் கரைந்து கிடக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அந்தப் பெண்மணியும் அதைத்தான் செய்தார். கத்தினார். கணவரைத் திட்டினார். அவரைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட பண்டரிபுரத்து விட்டலனையும் சேர்த்துத் திட்டினார். அந்தக் கணவர்... மகான் துக்காராம்! அவருடன் குடித்தனம் நடத்தி, ஏசி, அழுது, கடைசிவரை அவருக்குச் சோறு போட்ட புண்ணியவதியின் பெயர் ஜீஜாபாய். (சத்ரபதி சிவாஜியின் தாயாரான ஜீஜாபாய் வேறு.) பிறந்த வீட்டில் அழைத்த செல்லப் பெயரால், ஆவலி என்றும் இவரைச் சொல்வார்கள்.

துக்காராமின் பெருமையை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். இந்த முறை அவருடைய வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

செல்வக் குடும்பம் சரிந்த கதை

புனே நகருக்கு அருகில், இந்திராயணி நதிக்கரையில் இருக்கிறது தேஹு என்ற ஊர். அங்கே தானிய வியாபாரம் செய்துவந்த வசதியான குடும்பத்தில், 1608-ஆம் ஆண்டு துக்காராம் அவதரித்தார் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. தந்தை போல்ஹோபா, தாய் கனகாயி. தலைமுறை தலைமுறையாக விட்டலனை வழிபட்டுவந்த குடும்பம் அது.

இளம் வயதிலேயே துக்காராமுக்குத் திருமணம் ஆனது. முதல் மனைவி ரக்மாபாய்க்கு இளைப்பு நோய். அதனால் பெரியவர்கள் கூடிப் பேசி, புனேயில் ஒரு வசதியான வியாபாரி வீட்டுப் பெண்ணை இரண்டாம் தாரமாக மணம் முடித்து வைத்தார்கள். அவர்தான் ஜீஜாபாய். குறையே தெரியாமல் வளர்ந்த பெண். நல்ல குடும்பம், நிறைந்த வியாபாரம் என்று நம்பித்தான் பெற்றோர் அனுப்பி வைத்தார்கள்.

ஆனால், சோதனைகள் வரிசை கட்டி வந்தன. பெற்றோர் காலமானார்கள். மனைவியை இழந்த அண்ணன், துறவியாகி வீட்டை விட்டுப் போனார். 1630-ஐ ஒட்டி தக்காணத்தையே உலுக்கிய கொடிய பஞ்சம், தேஹுவையும் விட்டுவைக்கவில்லை. உணவில்லாமல் ரக்மாபாய் உயிர் துறந்தார். அவர் பெற்ற குழந்தையும் போயிற்று. வியாபாரம் நொடித்தது. துக்காராமின் மனம் முழுவதுமாக விட்டலன் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான்.

தந்தை கொடுத்திருந்த கடன்களுக்கான பத்திரங்கள் வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. ஊரே பஞ்சத்தில் வாடும்போது அவற்றைக் காட்டிப் பணம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. தம்பி கான்ஹோபாவுக்கு உரிய பாதியைக் கொடுத்துவிட்டு, தம் பாதியை இந்திராயணியில் எறிந்தார். எவ்வளவு பெரிய மனசு!

ஆனால், ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? தம்பியின் பங்கை நினைவாகப் பிரித்துக் கொடுத்தார். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று யாரும் நினைக்கவில்லை! ஜீஜாபாயின் கோபம் தொடங்குகிற இடம் இதுதான்.

ஒற்றைக் கரும்பு

ஜீஜாபாய் சும்மா இருந்துவிடவில்லை. தானே பொறுப்பேற்று ஒருவரிடம் கடன் வாங்கி, வியாபாரம் செய்துவரும்படி கணவரை அனுப்பினார். துக்காராமும் போனார், நல்ல லாபமும் கிடைத்தது. திரும்பும் வழியில், கடனைக் கட்ட முடியாமல் தவித்த ஒருவரைப் பார்த்தார். மொத்தப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அந்த அம்மாளின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

கரும்புக் கதை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். யாரோ அன்போடு கொடுத்த கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தார் துக்காராம். வழியில் தெருப் பிள்ளைகள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வீட்டு வாசலை அடைந்தபோது மீதி இருந்தது ஒன்றே ஒன்று. ஆத்திரம் தாங்காத ஜீஜாபாய், அதைப் பிடுங்கி அவர் முதுகிலேயே ஓர் அடி வைத்தார். கரும்பு இரண்டாக முறிந்தது. துக்காராமுக்குக் கோபம் வரவில்லை. ஆளுக்குப் பாதி என்று அவளே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாராம்!

அவர் சிரித்ததைத்தான் நாம் வழிவழியாகப் பாராட்டி வருகிறோம். அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அன்று கரும்பு கிடைக்கவில்லையே என்ற தாயின் தவிப்பையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பக்தர்களின் சரித்திரங்களைப் பாடிய மகீபதி, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் சொல்லும் இன்னொரு கதை இது. கணவரின் உபதேசத்தால் மனம் கனிந்து, வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் தானம் செய்ய ஒருநாள் சம்மதித்தார் ஜீஜாபாய். எல்லாம் போயிற்று. குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வதற்காக வைத்திருந்த புடவை மட்டும் பாக்கி. ஓர் ஏழைப் பெண் வந்து கேட்க, அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார் துக்காராம்! எந்தப் பெண்ணால் பொறுக்க முடியும்? இத்தனைக்கும் காரணமான விட்டலனின் காலை உடைப்பதென்று, கல்லை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார் ஜீஜாபாய். அங்கே ருக்மிணித் தாயார் குறுக்கே வந்து, புடவையும் பொற்காசுகளும் கொடுத்து அவரைச் சமாதானம் செய்தாராம். ஒரு குடும்பத் தலைவியின் வேதனையைப் புரிந்துகொள்ள இன்னொரு குடும்பத் தலைவிதானே வரவேண்டும்!

மலையேறிய சாப்பாடு

இப்படிச் சண்டை போட்டவர், கணவரை வெறுத்தாரா? அதுதான் இல்லை.

தேஹுவுக்கு அருகே பண்டாரா என்று ஒரு குன்று இருக்கிறது. தனிமை தேடி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார் துக்காராம். பசி, தாகம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால், ஜீஜாபாய்க்குத் தெரியும். வீட்டு வேலைகளை முடித்து, இருப்பதை வைத்துச் சமைத்து, தலையில் சுமந்துகொண்டு குன்றின் மீது ஏறுவார். கணவர் சாப்பிடாமல் தான் ஒரு வாய் சாப்பிட மாட்டார். வழியெல்லாம் வாய் ஏசிக்கொண்டே இருக்கும். கால்கள் ஏறிக்கொண்டே இருக்கும்!

அப்படி ஒருநாள் கொளுத்தும் வெயிலில் போனபோது, பாதத்தில் முள் ஆழமாகத் தைத்துவிட்டது. வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் அவர் திட்டியது அந்த விட்டலனைத்தான். பண்டரிநாதனே அங்கு வந்து, அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து முள்ளை எடுத்தான் என்று பக்தர்கள் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். துக்காராம் தவம் செய்தது குன்றின் மேலே. ஆனால், இறைவன் தேடி வந்து காலைப் பிடித்தது, பாதி வழியில் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம்!

கேட்டுக்கொண்டே இருந்தவர்

சரி, துக்காராமுக்கு மனைவி மேல் அன்பு இருந்ததா? இருந்தது என்பதற்கு அவருடைய பாடல்களே சாட்சி. அவர் பெயரில் 4,500-க்கும் மேற்பட்ட அபங்கங்கள் கிடைக்கின்றன. மனைவி தம்மை எப்படியெல்லாம் ஏசுகிறாள், வீட்டுக்கு வரும் அடியார்களைப் பார்த்து எப்படி முணுமுணுக்கிறாள் என்பதெல்லாம் அவற்றில் அப்படியே பதிவாகி இருக்கிறது. அவளுக்கு நல்வழி சொல்வதற்காகவே பாடிய அபங்கங்களும் உண்டு.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். காதில் வாங்காதவரால் இப்படிப் பாட முடியுமா? கண்ணை மூடி நாமம் சொன்னாலும், அவர் காது மனைவி பக்கம் திறந்தே இருந்திருக்கிறது. அவளை மாற்ற வேண்டும் என்று விரும்பினார், முடியவில்லை. அவரை மாற்ற வேண்டும் என்று இவரும் விரும்பினார், முடியவில்லை. இருந்தாலும், அவர் இவரை விலக்கவில்லை; இவரும் அவரை விட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடவில்லை. மூன்று பெண்கள், மூன்று பிள்ளைகள் என்று அந்தக் குடும்பம் நிலைத்து நின்றது.

எருமையை யார் பார்த்துக்கொள்வது?

1650-ஆம் ஆண்டு. பங்குனித் தேய்பிறை துவிதியை. துக்காராம் வைகுண்டம் புறப்பட்ட நாள். உடன் வருமாறு அவர் மனைவியையும் அழைத்தாராம். வழக்கமாகச் சொல்கிற பேச்சுதானே என்று நினைத்துவிட்டார் ஜீஜாபாய். அப்போது அவர் கருவுற்றிருந்தார். குழந்தைகளையும் கறவை எருமையையும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு, வர மறுத்துவிட்டார். அன்று போனவர் திரும்பவே இல்லை.

வைகுண்டத்தையே தவறவிட்டாளே என்று சிலர் பரிதாபப்படுவதுண்டு. ஆனால், பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஜீஜாபாயின் வயிற்றில் அன்று இருந்த குழந்தைதான் நாராயண மகராஜ். தந்தையின் முகத்தைப் பார்த்திராத அந்தப் பிள்ளையே, 1685-ஆம் ஆண்டு தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றி, தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கியவர். இன்றும் ஆஷாட ஏகாதசியை ஒட்டி, லட்சக்கணக்கான வார்கரி அடியார்கள் ஏறத்தாழ மூன்று வாரம் நடந்து பண்டரிபுரம் போகிறார்களே... அந்தப் புனித யாத்திரைக்கு வித்து, ஜீஜாபாய் வீட்டிலேயே தங்கிக் காப்பாற்றிய கருதான்!

சகோதரிகளே, குறையே இல்லாத கணவரும் இல்லை. குறையே இல்லாத மனைவியும் இல்லை. மகானின் வீட்டிலேயே இல்லை என்றால், நம் வீட்டில் எங்கே தேடுவது? கோபம் வந்தால் மறைக்க வேண்டியதில்லை. நியாயமான குறையை வாய்விட்டுச் சொல்வதும் தவறில்லை. ஜீஜாபாய் கடவுளிடமே சொன்னாரே! ஆனால், திட்டி முடித்த பிறகும் அந்த மனிதர் சாப்பிட்டாரா என்று ஒரு நெஞ்சம் கவலைப்படுகிறது பாருங்கள்... பல வருஷத்து இல்லறம் அந்தக் கவலையில்தான் உயிரோடு இருக்கிறது. சொல்வதைக் காதில் வாங்கி, மனதில் வைத்துக்கொள்ள ஒருவர் எதிரில் இருந்துவிட்டால், அதைவிடப் பெரிய வரம் வேறு என்ன?

புனே பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், தம்பதியாக தேஹுவுக்குப் போய் வாருங்கள். ஹோலிப் பண்டிகை முடிந்த இரண்டாம் நாள், துக்காராம் வைகுண்டம் புகுந்த நாளாக அங்கே விசேஷமாகக் கொண்டாடப்படுகிறது. பண்டாரா குன்றுக்கும் போங்கள். துக்காராமைக் கும்பிடும்போது, சுடுசோற்றைத் தலையில் சுமந்து அந்தப் பாதையில் ஏறிய ஜீஜாபாயையும் நினைத்து ஒரு கும்பிடு போடுங்கள். விட்டலன் மகிழ்ந்து அருள்வான்!