முத்துலட்சுமி ரெட்டி: 12 கட்டில்களில் தொடங்கிய போராட்டம்

மாதவிடாய் நின்றபின் இரத்தம் போனாலும் அதை லயத்துக்கு வெளியே சொல்லத் தயங்கும் பெண்கள் ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, வாழ்நாளெல்லாம் சண்டை பிடித்தது இந்த மௌனத்தோடுதான்.

தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகள் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்ணானார். கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவதை அங்கே எதிர்த்தார். சமயப் பெரியவர்கள் கொதித்தார்கள். முழுத் தடைச்சட்டம் 1947இல்தான் வந்தது.

தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. அந்த நோய் வந்தால் சாவுதான், தனி வைத்தியசாலை எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தோர் கைவிரித்த காலம் அது. அம்மையார் விடவில்லை, பொதுமக்களிடம் கையேந்தினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களோடு திறந்தது. அப்போது அவர் எழுபதை நெருங்கியிருந்தார்! மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டொக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

1968இல் அம்மையார் காலமானார். 1980களில் அந்நிலையம் நடத்திய புற்றுநோய்ப் பதிவேடு, சென்னைப் பெண்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயே அதிகம் என்று காட்டியது. பாலுறவால் தொற்றும் எச்பிவி வைரஸே அதற்குக் காரணம் என்பது பிறகு உறுதியானது. இலங்கைப் பாடசாலைகளில் 2017 முதல் மாணவிகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, ஒருநாள் பெயர் விழாமல் அங்கே போய்வர வழி வேண்டும்.